ஆர்வோ பேர்ட்டின் நாட்டில் ஐந்து நாட்கள்

முதல் நாள், செப்டம்பர் 7

ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். மேல்தளத்தில் காற்று காதை அறுத்தது. ஆனாலும் உள்ளே போய் உட்கார மனம் வரவில்லை. பால்டிக் கடல் ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொடுவானத்தில் ஊசி போல ஒன்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் காட்டி, ஓலாவ் தேவாலயத்தின் கூம்பு என்றார். அதைப் பார்த்ததும்தான் எஸ்டோனியாவுக்கு வந்துவிட்டேன் என்பது மனதில் பதிந்தது.

இவ்வளவு தூரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஆர்வோ பேர்ட் என்ற இசையமைப்பாளருக்காக. 1935 செப்டம்பர் 11 அன்று இந்த நாட்டின் பைதே என்ற சிற்றூரில் பிறந்தவர். இப்போதும் இங்கேதான் வாழ்கிறார். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவருடைய பிறந்தநாளை ஒட்டி, ‘பேர்ட் நாட்கள்’ என்று கச்சேரிகள் நடத்துகிறார்கள். மறைந்த மேதைகளுக்கு விழா எடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் வாழும் மண்ணிலேயே, அவருடைய பாட்டைப் பாடிக் கொண்டாடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில், இரவெல்லாம் காதில் ஓடிக்கொண்டிருந்தது பேர்ட்டின் ‘ஸ்பீகல் இம் ஸ்பீகல்’. ‘கண்ணாடிக்குள் கண்ணாடி’ என்று பொருள். ஒரு வயலின், ஒரு பியானோ, பத்து நிமிடம். வலிக்குத் தைலம் தடவுவது மாதிரிதான் அப்போது அதைக் கேட்டேன். அம்மா போன பிறகு ஒரு வருடம் அதன் பக்கமே போகவில்லை. மறுபடி கேட்டபோது, இந்த எளிமை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்து இசைக்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். சின்ன வயதில் ஏழு வருடம் வீணை கற்றவள் என்பதால் சுரம் பிரித்துப் பார்க்கத் தெரியும். பார்த்தால், அதில் ஒரு சுரம்கூடத் தன் இஷ்டத்துக்கு வரவில்லை. எல்லாம் கணக்கு. வயலின் ஒரே ஒரு சுரத்தை நோக்கித் திரும்பித் திரும்பி வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி கூடுகிறது. அவ்வளவுதான். அந்தக் கண்டிப்பான கணக்கா அத்தனை இரவுகளில் என்னைத் தாங்கியது? இதை மனிதர்கள் வாசித்து, ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மாலையில் முதல் கச்சேரி, நிகுலிஸ்தே தேவாலயத்தில். 1944 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு மீட்டுக் கட்டப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாகவும் இசையரங்கமாகவும் இருக்கிறது. உள்ளே பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ‘மரண நடனம்’ ஓவியத்தில் மிஞ்சிய பகுதி இருக்கிறது. போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர் என்று வரிசையாக நிற்க, ஒவ்வொருவருக்கும் நடுவில் எலும்புக்கூடு கைகோத்து ஆடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

வாத்தியம் எதுவும் இல்லை. பாடகர் குழு மட்டும். ‘த பாசெம் தோமினே’ என்ற பாட்டு. ‘ஆண்டவரே, அமைதி தாரும்’ என்ற பழைய லத்தீன் வேண்டுதல். 2004 மார்ச் 11 அன்று மத்ரித் ரயில்களில் குண்டுகள் வெடித்த இரண்டு நாட்களில் பேர்ட் இதை எழுதத் தொடங்கினார். நான்கு குரல் வகைகளும் மூச்சு விடும் வேகத்தில்தான் நகர்கின்றன. ஒரு சுரம் எழுந்து, கல் தூண்களில் பட்டு, மேலே வளைவில் தங்கி, மெல்ல இறங்கி வருகிறது. அது இறங்கி முடிவதற்குள் அடுத்தது கிளம்புகிறது. என் ஹெட்போனில் இத்தனை நாள் கேட்டது பாதிப் பாட்டுதான். மீதியைக் கட்டிடம் பாடுகிறது.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. நடத்துநர் கையை இறக்கும்வரை காத்திருந்தார்கள், இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள், செப்டம்பர் 8

காலை முழுக்க மழை. பழைய நகரத்தின் உருளைக்கல் தெருக்களில் வழுக்காமல் நடப்பதே வேலையாக இருந்தது. ஒரு சின்னக் கடையில் ரை மாவுக் கறுப்பு ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டேன். அந்த ரொட்டியின் லேசான புளிப்பு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மதியம் எஸ்டோனியா இசையரங்கத்துக்குப் போனேன். 1913-இல் திறந்த கட்டிடம். இன்று அங்கே கச்சேரி எதுவும் இல்லை. வெளியே குடையோடு நின்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன். ஏனென்றால் பேர்ட்டின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது அந்தக் கூரைக்குக் கீழேதான்.

அதற்கு முந்தைய பேர்ட் முற்றிலும் வேறு ஆள். வானொலியில் ஒலிப்பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே ஹெய்னோ எல்லரிடம் இசையமைப்புப் படித்தவர். 1960-இல் அவர் எழுதிய ‘நெக்ரோலோக்’ எஸ்டோனியாவின் முதல் பன்னிரு சுர முறைப் படைப்பு, அதாவது பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுத்து வரிசைப்படுத்தி எழுதியது. மேற்கத்தியச் சீரழிவு என்று சோவியத் அதிகாரிகள் அதைக் கண்டித்தார்கள். அப்புறம் 1968 நவம்பர் 16. நேமே யார்வி நடத்த, இந்த அரங்கத்தில் ‘கிரெடோ’ ஒலித்தது. பழைய ஜெர்மன் மேதை பாக்கின் சி மேஜர் பிரெலூட் என்ற சிறு இசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, இசைக்குழு முழுவதும் கூச்சலாக வெடித்து, கடைசியில் அதே பிரெலூட்டுக்குத் திரும்பும். பாடகர் குழு பாடியது ‘இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன்’ என்ற லத்தீன் வரி. அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அரசு மேடையில். படைப்பு முடக்கப்பட்டது. பேர்ட்டுக்குக் கதவுகள் மூடின.

ஆனால் அதற்குப் பிறகு வந்த எட்டு வருட அமைதிக்கு அதிகாரிகள் மட்டும் காரணம் இல்லை. அவருக்கே தன் பழைய மொழி தீர்ந்துபோயிருந்தது. வயிற்றுப் பிழைப்புக்குப் படங்களுக்கு இசை எழுதினார். 1971-இல் மூன்றாம் சிம்பொனி வந்தது. மற்றபடி, முப்பத்து மூன்று வயதில் நாடறிந்த ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி கிரிகோரியன் கீதங்கள் என்ற பழைய தேவாலயப் பாடல்களை ஒற்றை வரியில் எழுதிப் பழகினார். பக்கம் பக்கமாக, நோட்டு நோட்டாக. எங்கள் வீணை டீச்சர் சொல்வதுண்டு, கை கெட்டுப்போனால் சரளி வரிசைக்குத் திரும்பிப் போ என்று. அதை ஒருவர் எட்டு வருடம் செய்தார் என்று நினைத்தபோது, மழையில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது.

மாலையில் யானி தேவாலயத்தில் ஒரு மணி நேரக் கச்சேரி. ‘ஸ்பீகல் இம் ஸ்பீகலை’ நேரில் கேட்டேன். அழுதேன். அதைப் பற்றி இன்று எழுத முடியவில்லை.

மூன்றாம் நாள், செப்டம்பர் 9

இந்தப் பயணத்தின் நடுத்தூண் இன்றைய நாள்தான். தாலினிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பேருந்தில் லௌலஸ்மா. எஸ்டோனிய மொழியில் ‘லௌல்’ என்றால் பாட்டு, ‘மா’ என்றால் நிலம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டு, “அங்கே கடற்கரை மணலும் பாடும், தெரியுமா? காய்ந்திருந்தால் காலுக்கடியில் கீச்சென்று சத்தம் போடும். நேற்றைய மழையில் நனைந்திருக்கும், இன்று உங்களுக்காகப் பாடாது” என்று வருத்தப்பட்டார். பேர்ட்டுக்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நிறுத்தத்திலிருந்து பைன் காட்டுக்குள் நடை. தரையெல்லாம் பாசி. காலடிச் சத்தமே கேட்கவில்லை. திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு தாழ்ந்த கட்டிடம் தெரிகிறது. அலை போல வளைந்த துத்தநாகக் கூரை, கண்ணாடிச் சுவர், மரத்தண்டு மாதிரி ஒல்லியான தூண்கள். இதுதான் ஆர்வோ பேர்ட் மையம். 2010-இல் பேர்ட் பெர்லின் வாழ்க்கையை விட்டுத் தாய்நாடு திரும்பியபோது குடும்பத்தார் தொடங்கியது. ஸ்பானியக் கட்டிடக்கலைஞர்கள் நியெத்தோ சொபெஹானோ வடிவமைத்த இந்தக் கட்டிடம் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே நடந்தால் எங்கே ஒரு அறை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. நடுநடுவே ஐங்கோண முற்றங்கள். அதில் ஒன்றுக்குள் ஒரு குட்டித் தேவாலயம், பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். 1972-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தவர் பேர்ட். அவருடைய ஜெபமும் இசையும் ஒரே கூரைக்கடியில் இருக்கின்றன.

நான் அதிக நேரம் நின்றது அவருடைய குறிப்பேட்டுப் பக்கங்களுக்கு முன்னால். அந்த எட்டு வருடங்களின் நோட்டுகள். பைபிளில் ஒரு சங்கீதத்தைப் படிப்பார், புத்தகத்தை மூடுவார், உடனே ஒரு மெட்டு எழுதுவார். பறவையின் உருவத்தை வரைந்து, அதன் சிறகு வளைகிற மாதிரியே சுரத்தை ஏற்றி இறக்குவார். இவற்றில் ஒன்றுகூட மேடைக்காக எழுதியது இல்லை. ஒருமுறை, வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், ஓர் இசையமைப்பாளன் எப்படி எழுத வேண்டும் என்று பேர்ட் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு ஒலியையும் அவன் நேசிக்க வேண்டியிருக்கும் என்று அந்த மனிதர் பதில் சொன்னாராம். பல நேர்காணல்களில் பேர்ட் இதை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்புறம் 1976 பிப்ரவரி. ‘ஃப்யூர் அலினா’. இரண்டே பக்கம். பியானோவில் அடியில் ஒரு ‘பி’ சுரம் ஒலித்து அப்படியே நிற்க, மேலே இரண்டு சுரங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒரு குரல் மெட்டு, அலைந்து திரியும். இன்னொரு குரலுக்கு மூன்றே சுரங்கள், பி மைனரின் மூன்று சுரங்கள். மெட்டு எங்கே போனாலும், அந்த மூன்றில் பக்கத்தில் இருப்பது எதுவோ அது கூடவே போய் நிற்கும். இதற்கு அவர் வைத்த பெயர் ‘தின்தின்னாபுலி’, லத்தீனில் சின்ன மணிகள். வீணை வாசிப்பவர்களுக்கு ஓரளவு புரிய வைக்கலாம். நான்கு தந்தியில் விரல் அலையும்போது, பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள் சா, பா, மேல் சா என்று வீட்டுக்குக் காவல் இருக்குமே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், நம் தாளத் தந்தி இருந்த இடத்தில் இருக்கும். பேர்ட்டின் மூன்று சுரங்கள் மெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியும் கூட வரும். அலைகிற குரலும் காக்கிற குரலும் சேர்ந்து கேட்பது இரண்டாகத் தெரியாது. பேர்ட்டின் மனைவி நோரா இதை ஒன்றும் ஒன்றும் ஒன்று என்று கணக்காகவே சொல்வார்.

மதியம், மையத்தின் சிறிய அரங்கில் ஒரு இளம் பியானோ கலைஞர் அதை வாசித்தார். நீளவாட்டில் கண்ணாடி, வெளியே பைன் மரங்கள். தாளக்கட்டு கிடையாது. இரண்டு சுரம், அடுத்து மூன்று, அடுத்து நான்கு என்று எட்டு வரை வளர்ந்து, மறுபடி ஒன்றொன்றாகக் குறைகிறது. இது குடும்ப நண்பர் ஒருவரின் மகளுக்காக எழுதியது. பதினெட்டு வயதில் அவள் இங்கிலாந்துக்குப் போய்விட, அம்மா இங்கே இருந்தார். இசைக்குறிப்பில் ஒரே ஒரு இடத்தில், காக்கும் குரல் தன் மூன்று சுரத்தை விட்டு வெளியே ஒரு அடி வைக்கிறது. அந்த இடத்தில் பேர்ட் ஒரு பூ வரைந்திருக்கிறார். இன்று அந்த இடம் வந்தபோது நான் மூச்சை நிறுத்திக் கேட்டேன். ஒரு சுரம்தான். முழு அறையும் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது.

இந்த இசையைத் தூக்கம் வருவதற்கு, படிப்பதற்கு, ஓய்வெடுப்பதற்கு என்று பட்டியல்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இன்று அந்தக் கலைஞரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது ஓய்வு இல்லை என்று தெரிந்தது. ஒரு சுரம் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வாசித்து முடித்தபோது அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

மாலையில் மையத்தின் கோபுரத்தில் சுழல் படி ஏறினேன். மர உச்சிகளுக்கு மேலே போனதும் கடல் தெரிந்தது. கீழே இறங்கிக் கடற்கரைக்கும் நடந்தேன். அந்த அம்மாள் சொன்னது சரிதான், மணல் ஈரமாக இருந்தது. பாடவில்லை.

நான்காம் நாள், செப்டம்பர் 10

ரயிலில் ரக்வெரே. பேர்ட் வளர்ந்த ஊர். சதுக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் ஒரு பையனின் சிலை இருக்கிறது. அங்கே கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியில் சிம்பொனி ஒலிபரப்பாகும்போது, சிறுவன் பேர்ட் சைக்கிளில் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்பாராம். வீட்டில் இருந்த பழைய பியானோவில் நடுப்பகுதிச் சுரங்கள் பழுது. மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும்தான் விளையாட முடியும். ‘ஃப்யூர் அலினா’ நினைவுக்கு வந்தது. அடியில் ஒன்று, உச்சியில் இரண்டு, நடுவில் காலி. இந்தத் தொடர்பை நானாகப் போட்டுக்கொள்கிறேன், அவர் சொல்லவில்லை.

சிலைக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் நிஜச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 11

இன்று அவருடைய பிறந்தநாள். கச்சேரி நோப்லெஸ்னர் பழைய வார்ப்பு ஆலையில். ஜார் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய இடம். சோவியத் காலத்தில் பொதுமக்கள் நுழைய முடியாத வளாகம். இப்போது செங்கல் சுவரும் இரும்புத் தூணுமாக ஒரு அரங்கம். 2015-இல் நாடக இயக்குநர் ராபர்ட் வில்சன் பேர்ட்டின் இசையை வைத்து ‘ஆடம்ஸ் பேஷன்’ என்ற மேடைப் படைப்பை அரங்கேற்றியது இங்கேதான். ஒரு காலத்தில் போர்க்கப்பலுக்கு இரும்பு உருக்கிய கூடத்தில் மக்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தார்கள்.

முதலில் ‘கேன்டஸ்’. இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தபோது, அவரை நேரில் சந்திக்கும் வாய்ப்பு இனி இல்லையே என்ற துக்கத்தில் பேர்ட் எழுதியது. முதலில் எழுதியிருப்பதே மௌனம்; பிறகு ஒரு மணி, ‘ஏ’ சுரத்தில். அதன் பின் தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே அவரோகணத்தை வாசிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பகுதியும் வேறு காலத்தில். மேலே வயலின் ஒரு வேகத்தில் இறங்க, அடுத்தது அதில் பாதியில், அதற்கடுத்தது அதிலும் பாதியில். நாம் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிப் பழகுவதை, ஐந்து காலத்தையும் ஒரே நேரத்தில் அடுக்கினால் எப்படி இருக்கும்? மழை மாதிரி இருக்கிறது. ஒவ்வொருவராக அடியில் போய்ச் சேர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கடைசியில், தந்தி வாத்தியங்களில் மிகக் கீழே ஒலிக்கும் டபுள் பாஸ் வந்து சேரும்போது சத்தம் அரங்கத்தை நிறைக்கிறது. சட்டென்று நிற்கிறது. நின்ற பிறகுதான், அதற்குள் மெல்ல அடித்துவைத்திருந்த மணி கேட்கிறது. இத்தனை நேரம் மைனரில் அழுத இசைக்கு மேலே, மணியின் உள்ளோசையில் மேஜர் சுரம் மிதக்கிறது. நம் சொல்லில், சாதாரண காந்தாரத்தில் இருந்தது அந்தர காந்தாரமாகிவிட்டது. அதை யாரும் வாசிக்கவில்லை.

இடைவேளையில், அவர் வருவாரா என்று பக்கத்து வரிசையில் பேசிக்கொண்டார்கள். பார்க்க வேண்டும் என்று நான் வரவில்லை. அவர் இருக்கும் நாட்டில், அவர் இருக்கும் காலத்தில் இதைக் கேட்டதே எனக்குப் போதும்.

கடைசியாக ‘தபுலா ராசா’. இரண்டு தனி வயலின், தந்தி வாத்தியக் குழு, அப்புறம் தந்திகளுக்கு நடுவே திருகாணிகள் செருகிய பியானோ. 1977 செப்டம்பர் 30 அன்று தாலினில் முதன்முதலாக வாசித்தபோது வயலினில் கிதோன் கிரெமரும் தாத்யானா கிரின்தெங்கோவும். அந்தப் பியானோவில் இசையமைப்பாளர் ஆல்ஃபிரெட் ஷ்னிட்கே. இரண்டு வருடமும் சில மாதங்களும் கழித்து, 1980 ஜனவரியில், பேர்ட் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது. 1984-இல் இசிஎம் நிறுவனத்தின் மான்ஃபிரெட் ஐகர் இந்தப் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டுதான் அவரை உலகத்துக்குக் கொண்டுபோனது.

முதல் பாகம் ‘லூதுஸ்’, விளையாட்டு. வேகமும் மௌனமும் மாறி மாறி. இரண்டாம் பாகம் ‘சிலென்தியும்’. பியானோ அவ்வப்போது ஒரு கோயில் மணியும் உடைந்த மணியும் சேர்ந்த மாதிரி அலையெழுப்ப, வயலின்கள் டி மைனரில் மேலேயும் கீழேயும் விரிந்துகொண்டே போகின்றன. முடிவில் ஒவ்வொரு வாத்தியமாக ஓய்கிறது. எஞ்சுவது டபுள் பாஸ் மட்டும். அது இறங்கி வருகிறது.

எங்கள் டீச்சர் வீட்டில், யாராவது பாதியில் எழுந்து போனால்கூட, ‘சா’ சுரத்தைத் தொட்டுவிட்டுப் போ என்பார். ஷட்ஜத்தில் சேராமல் எந்தப் பாடமும் முடிந்ததில்லை. இன்று டபுள் பாஸ் மா, கா என்று இறங்கி ரிஷபம் வரை வந்தது. மெலிந்து, வில் தந்தியில் உரசும் ஓசை அளவுக்கு ஆனது. நின்றது. அடுத்த படி ஷட்ஜம். அதை வாசிக்கவில்லை. இசைக்குறிப்பில் அதற்கப்புறம் இருப்பது மௌனம்தான். அதையும் எண்ணி எழுதியிருக்கிறார்.

வில்லைத் தூக்கியபடியே அந்த வாத்தியக்காரர் அசையாமல் நின்றார். எனக்கு முன்வரிசையில் ஒரு முதியவர் கண்களை மூடியிருந்தார், அவருடைய உதடு லேசாக மூடித் திறந்தது. என் தொண்டைக்குள்ளும் அந்தச் சா வந்து நின்றுகொண்டிருந்தது. அரங்கத்தில் இருந்த எல்லோருக்குள்ளும் அது கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு படகின் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம், செங்கல் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது.